எனக்குக் கட்டிய பாட்டு

எனக்கு ஒப்பாரி கட்டி முடித்துவிட்டு, நான் சாகாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் என்பதற்காகக் கொஞ்ச காலம் என் முகத்தையே பார்க்காமல் திரிந்தாள் ஒருத்தி. முறைக்கு அத்தை. ரத்த உறவு கிடையாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கள்ளி வேலிக்கு அந்தப் புறம் அவள் வீடு. அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததுமே வயிறு எரிகிறது. எரிந்தால் எரியட்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லையாற்று வாய்க்கால் பாய்கிற, மாதா கோயில் வைத்த வேதக்கார ஊர் எங்களுடையது. நான் சொல்வது மலைமேல் பெரிய அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் வண்டியும் மாடும் வைத்திருந்தவனெல்லாம் சுண்ணாம்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு குமுளிக் கணவாய்ப் பாதையில் போய் வந்துகொண்டிருந்தான். நானும் போனேன், என் அண்ணனும் போனான். போனவர்களில் சிலர் மலைக்காய்ச்சலோடு திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. ஆகையால் அத்தைக்கு அந்த வருசங்களில் ஓய்வே இல்லை.

ஆள் குட்டை. வெற்றிலை போட்டுப் போட்டு உதடு கறுத்திருக்கும். குரலும் அப்படியொன்றும் நல்ல குரல் இல்லை. கோயிலில் அவள் மாதா பாட்டுப் பாடினால் பக்கத்தில் நிற்கிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டிலோ நடவு வயலிலோ அவளை யாரும் பாடச் சொன்னதில்லை. சொன்னாலும் "எனக்கெங்க வருது" என்று நழுவிவிடுவாள். ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால், சுற்றுவட்டாரத்துச் சனம் "அவ வந்துட்டாளா?" என்றுதான் முதலில் கேட்கும்.

வாசல் வரைக்கும் கொண்டை போட்டபடிதான் வருவாள். நிலைப்படியைத் தாண்டியதும் கூந்தலை அவிழ்த்துவிடுவாள். நேரே பிணத்தண்டை போகமாட்டாள். வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பாள். கொடியில் கிடக்கிற வேட்டி, மூலையில் சாத்தியிருக்கிற மண்வெட்டி, அடுப்பில் பாதி வெந்து நிற்கிற சோறு. பிறகு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். பெண்களெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். இன்றைக்கு வராது போலிருக்கிறது என்று நமக்கே பயம் வருகிற நேரம் பார்த்து முதல் வரி வரும்.

கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்துப் பிழைத்த சம்சாரி ஒருவர் செத்துப்போனார். மனுசர் மேல் யாருக்கும் பெரிய பாசம் கிடையாது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் கூடப்பிறந்த தம்பியோடு பல வருசம் பேச்சுவார்த்தை இல்லை. வழக்கப்படி அவர் கைகள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். அத்தை அந்தக் கைகளை வெறித்துப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடி ஆரம்பித்தாள்.

"கமலைமாடு ரெண்டும் கெணத்தடியில் நிக்குதய்யா
கயிறு புடிச்ச கையக் கட்டிவச்சிட்டாகளய்யா"

வெளியே தென்னைமரத்தடியில் ஒட்டாமல் நின்றிருந்த தம்பி, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்து அந்தக் கட்டை அவிழ்க்கப் பார்த்தார். நாலு பேர் சேர்ந்து அவரைப் பிடித்தோம். பிடித்த நாங்களும் அழுதோம்.

எங்கள் பங்குச் சாமியாருக்கு ஒப்பாரி பிடிக்காது. உயிர்ப்பை நம்பாதவர்கள் அழுகிற அழுகை அது என்பார். அவர் எப்போதாவதுதான் ஊருக்கு வருவார். சாவு வீட்டில் செபம் சொல்வது உபதேசியார் வேலை. அவருக்கும் ஒப்பாரி கூடாதுதான். ஆனால் அவர் ஊர்க்காரர், ஊரோடு வாழவேண்டியவர். அதனால் ஓர் ஏற்பாடு தானாகவே உண்டாகியிருந்தது. சிலுவையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் தெருமுனையில் நின்று சத்தமாக ஒரு தடவை செருமுவார். அதற்குள் பெண்கள் பாட்டை முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டுவிட வேண்டும். அத்தையின் கடைசி வரி முடிவதற்கும் அந்தச் செருமல் கேட்பதற்கும் எப்போதும் சரியாக இருக்கும். மற்றவர்கள் பாடினால் பாதியில் அறுந்துபோகும். அவள் பாட்டு ஒருநாளும் அறுந்ததில்லை. அதையும் நாங்கள் அற்புதங்களோடு சேர்த்துக்கொண்டோம்.

அது எங்கிருந்து வருகிறது என்று ஊரில் எப்போதும் பேச்சு நடக்கும். மாதா அவள் நாக்கில் வந்து நிற்கிறாள் என்றார்கள் எங்கள் ஆட்கள். சந்தைக்கு வருகிற பண்ணைப்புரத்துப் பெண்கள், அது அவர்கள் ஊர் அம்மன் கொடுத்த வாக்கு, இவள் வேதத்துக்கு வருவதற்கு முன்பே இவள் வம்சத்துக்கு வந்தது என்று சாதித்தார்கள். உபதேசியார், திறமை தேவன் கொடுத்ததுதான், உபயோகிக்கிற இடம்தான் தப்பு என்பார். அத்தையையே கேட்டால், வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "வருது, சொல்றேன்" என்பாள். அவ்வளவுதான். நான் அதை அப்படியே நம்பினேன். அவள் கண்ணை மூடி உட்காரும்போது எனக்குக் கையில் மயிர் சிலிர்க்கும்.

இன்னொரு குணமும் அவளுக்கு உண்டு. யாரைப் பார்த்தாலும் ஏதாவது கேட்பாள். "மாமா, ஒங்கள சின்னப் பிள்ளையில என்ன சொல்லிக் கூப்புடுவாக?" "ஏத்தா, ஒன் மாமியா ஒனக்கு மொதமொத ஆக்கிப் போட்டது என்ன கொழம்பு?" கல்யாணப் பந்தலில் உட்கார்ந்துகொண்டு, பெண்ணைப் பெற்ற தகப்பனிடம், இந்தப் பிள்ளை பிறந்தன்றைக்கு நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று விசாரிப்பாள். கேட்டதை மறக்கவே மாட்டாள். நம்மை இப்படி அக்கறையாகக் கேட்க ஓர் ஆள் இருக்கிறதே என்று எல்லாருக்கும் சந்தோசம். பாசக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள்.

அந்தப் பாசக்காரி பாடாத சாவு ஒன்றே ஒன்று. அவளுடைய மகனுடையது. என் வயதுப் பையன். நாங்கள் சேர்ந்து மாடு மேய்த்தவர்கள். முதல் வருசமே கூலியாக மலைக்குப் போய்க் காய்ச்சலோடு வந்தான். கிடந்தான், செத்தான். அன்றைக்கு ஊரே வந்து நின்றது. எப்படிப்பட்ட பாட்டு வரப்போகிறதோ என்று சிலர் அதற்காகவே வந்தார்கள், சொல்வதற்கென்ன. அவள் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல் வரவில்லை. துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் என்னை "மருமகனே" என்று கூப்பிடும்போது அதில் மகனும் இருக்கிறான் என்று எனக்குள் ஓர் எண்ணம்.

அடுத்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் சிடுசிடுப்புக்காரன், கை நீட்டுகிறவன். மதினி அவனுக்குப் பயந்து பயந்து பேச்சையே மறந்துபோயிருந்தாள். "வேலைக்குப் பயந்து படுத்துக் கெடக்கான்" என்பான் அண்ணன், என் காது கேட்க. மதினி அவன் வண்டி தெருத் திரும்பின பிறகுதான் எனக்குக் கஞ்சி கொண்டுவருவாள்.

அத்தை தினமும் வந்தாள். சீரகம் தட்டிப்போட்ட கஞ்சியோடு வருவாள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். கண் இமையை விலக்கிப் பார்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடுப்பாள். என் அம்மா சாகும்போது என்ன சொன்னாள், நான் முதலில் ஓட்டிய மாட்டின் நிறம் என்ன, கம்பம் சந்தையில் நான் ஆசைப்பட்டு வாங்காமல் வந்த பொருள் ஏதாவது உண்டா. எனக்குச் சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. காய்ச்சலில் கிடக்கிற அநாதைப் பயலிடம் அவன் மாட்டின் நிறத்தைக் கேட்கிறவள் தாயாகத்தானே இருக்க முடியும்?

ஒருநாள் கேட்டாள்: "ஆருக்கும் சொல்லாதது எதாச்சும் வச்சிருக்கியா மருமகனே?"

வைத்திருந்தேன். நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் எனக்கு இருந்தது அது ஒன்றுதான். ஒரு தடவை கணவாய்ப் பாதையில் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு போகும்போது, வழியோரம் ஒரு மலையாளத்துக் கூலி காய்ச்சலில் கிடந்தான். "வெள்ளம், வெள்ளம்" என்று முனகினான். எல்லைப் பக்கத்து ஆட்களான எங்களுக்குத் தெரியும், தண்ணீர் கேட்கிறான். முன்னால் போன வண்டிகள் நிற்கவில்லை. நான் நிறுத்தினேன். மூட்டைகளில் பாதியைப் பாதையோரம் இறக்கிப் போட்டுவிட்டு அவனை வண்டியில் ஏற்றிக் கீழ்நோக்கித் திருப்பினேன். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் மாட்டை ஓட்டினேன். அடிவாரம் வருவதற்குள் செத்துப்போனான். யாரும் அழாமல் ஒரு மனுசன் போகக்கூடாது என்று தோன்றிற்று. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால் "அண்ணே, அண்ணே" என்று சொல்லித் தனியாக உட்கார்ந்து அழுதேன். பிறகு அங்கேயே குழி தோண்டி அடக்கிவிட்டு, எனக்குத் தெரிந்த செபத்தைச் சொன்னேன். வீட்டில் சொல்லவில்லை. பிறத்தியார் சரக்கை வழியில் இறக்கிப் போட்டதற்கு அண்ணன் கொன்றே போட்டிருப்பான். என்ன சாதியோ தெரியாத பிணத்தைத் தொட்டதற்கும், வேதத்தில் சேராதவனுக்குச் செபம் சொன்னதற்கும் ஊர் தனியாக விசாரித்திருக்கும்.

சொல்லி முடித்தபோது அத்தையின் கையிலிருந்த கஞ்சி தளும்பி என் கழுத்தில் கொட்டியது. "நல்ல பிள்ளடா" என்றாள். முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் காய்ச்சல் கொஞ்சம் விட்டது. வெயில் பட்டால் தேவலை என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை கேழ்வரகு குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை விழுகிற தாளத்துக்கு ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். நின்று கேட்டேன்.

"செவலைமாடு கத்துதய்யா செல்ல மகன் வரலியின்னு..." உலக்கையை நிறுத்தினாள். "ம்ஹும். செவலை வேணாம். அவன் அம்மாளச் சொன்னாத்தான் மதினிக்காரி அழுவா. மாட்டப் பின்னாடி வச்சுக்கலாம்." மறுபடி குத்தினாள். விரல் கணுக்களை எண்ணிப் பார்த்தாள். "மலையாளத்தான் கதை கடைசியில. அத முன்னாடி சொல்லிட்டா அதுக்கு மேல எதுவும் நிக்காது. உபதேசியார் வர்றதுக்குள்ள எட்டிரணும்." பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கரகரத்த குரலில் மெள்ளச் சொல்லிப் பார்த்தாள்.

"பேரு தெரியா ஒருத்தனுக்குப் பெத்தவளா அழுதவனே
பேரு சொல்லிக் கூப்புடுறோம் – என் மருமகனே
பேசாமக் கெடக்குறியே"

வேலியைப் பிடித்தேன், கள்ளி முள் கையில் ஏறியது.

"அத்தே."

திரும்பினாள். ஒரு கணம் பேயைக் கண்டவள் மாதிரி இருந்தாள். "மருமகனே! எந்திரிச்சு வந்துட்டியா? வெயில்ல நிக்காதய்யா, தலை சுத்தும்."

"ஆருக்குப் பாடுற?"

"சும்மா, வேலை செய்யுறப்ப வாயில வந்தது..."

"மலையாளத்தான் கதைய ஒங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

அவள் உலக்கையைச் சாத்தினாள். பொய் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. "ஒன் கண்ணு மஞ்சளாப் போச்சு மருமகனே. இப்படி மஞ்சளான ஆரும் பொழைச்சு நான் பாக்கல. நான் என்ன செய்யட்டும்?"

"அப்ப தானா வருதுன்னு சொன்னதெல்லாம்?"

"தானா வருதுன்னு நான் சொன்னேனா? வருது, சொல்றேன்னேன். எங்கன இருந்து வருதுன்னு ஊருதான் சொல்லிக்கிருச்சு."

"நீ இல்லன்னு சொல்லலியே."

"கட்டி வச்சுப் பாடுறான்னு தெரிஞ்சா எவ மாரடிச்சு அழுவா? அழுகைதான் தானா வரும். பாட்டு வராது. எதச் சொன்னா எவ ஒடைவா, எத மொதல்ல சொல்லணும், எதப் பொத்தி வச்சுச் சொல்லணும், அத்தனையும் யோசிக்கணும். செத்த வீட்டுல ஒக்காந்து யோசிக்க முடியுமா? அங்கன எனக்கும் நெஞ்சு அடைக்கத்தான செய்யுது."

அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அத்தனை சாவு வீடுகளும் எனக்கு ஞாபகம் வந்தன. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தபோது அவள் ஏற்கெனவே கட்டி வைத்ததை வரிசை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கமலைக்காரரிடம் எத்தனை சந்தைக்கு முன்னால் போய் மாட்டைப் பற்றி விசாரித்தாளோ. அது கூடப் போகட்டும். ஊரை ஏமாற்றியதை நான் மன்னித்துவிட்டிருப்பேன். எனக்கு வேறொன்று நெஞ்சைக் குத்தியது. கேட்டுவிட்டேன்.

"ஒம் மகன் செத்தன்னைக்கு ஒரு வரி நீ பாடலியே, ஏன்? அவன் கெடந்தப்ப இப்படி யோசிக்கல. பொழைச்சிருவான் பொழைச்சிருவான்னே ஒக்காந்திருந்த. அவனும் மஞ்சளாத்தான் கெடந்தான். எனக்கு மட்டும் யோசிக்கத் தோணிருச்சு, இல்ல?"

அவள் உலக்கையை எடுத்துக் குத்த ஆரம்பித்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து படுத்தேன். அவள் கஞ்சியை அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

அவள் மேல் இருந்த கோபத்திலேயே பிழைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கண் மஞ்சள் இறங்கிற்று. பழையபடி வண்டி ஓட்டப் போனேன். வழியில் பார்த்தால் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். நான் செத்திருந்தால் என்னைத் தலையில் தூக்கி வைத்திருப்பாள். உயிரோடு இருப்பவனை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு விசயம். அந்தப் பாட்டு என்னை விடவில்லை. கணவாய் ஏறும்போது வண்டிச் சக்கரத்தின் தாளத்தில் அது தானாக வரும். என்னைப் பற்றி அவ்வளவு நன்றாக ஒருத்தரும் சொன்னதில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை. என்றைக்காவது நான் சாவேன், அன்றைக்கு ஊர் கூடியிருக்கும், அப்போது நான் செய்தது எல்லாருக்கும் தெரியும் என்று ஓர் ஆறுதல். வேடிக்கைதான். வஞ்சகம் என்று நான் சொன்ன பாட்டே எனக்கு இருந்த ஒரே சொத்தாகிவிட்டது. ஒருநாள் வெட்கத்தை விட்டு அவளிடம் போய், "அத முழுசா ஒருவாட்டி சொல்லேன்" என்று கேட்டேன். "அது ஒனக்கில்ல, போடா" என்றாள்.

அண்ணன் செத்தது திடுக்கென்று. கணவாயின் மேல்வளைவில் மாடு மிரண்டு வண்டி உருண்டது. காலையில் திட்டிக்கொண்டே போனவனைச் சாயங்காலம் கட்டிலில் கொண்டுவந்தார்கள்.

மதினி அழவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் மரக்கட்டையாக இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "புருசன் செத்துக் கெடக்கான், கண்ணு நனையலியே" என்றாள் ஒருத்தி. "நனையாதத்தா, இப்பத்தான மனசு குளுந்திருக்கும்" என்றாள் இன்னொருத்தி. எங்கள் சித்தப்பா என் காதருகே வந்து, "இவள இனி வீட்டுல வச்சுக்க முடியாதுடா. காரியம் முடிஞ்சதும் அப்பன் வீட்டுக்கு அனுப்பிரணும்" என்றார். மதினிக்கு அப்பன் வீட்டில் அப்பன் இல்லை.

அத்தை வந்தாள். கூந்தலை அவிழ்த்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய் மதினியின் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். மதினி தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டாள். மறுபடி தலையாட்டல். ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்கு மேலே என்னைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பிணத்தண்டை போய் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

முதல் வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் அம்மா சாகும்போது சொன்னது. பிறகு செவலைமாடு. அண்ணன் ஓட்டியது மயிலைமாடு. செவலை நான் ஓட்டியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. கணவாய்ப் பாதைக்கு வந்தாள். வழியோரம் கிடந்தவன், இறக்கி வைத்த மூட்டை, மடியில் வைத்த தலை. அண்ணனா இப்படிச் செய்தான் என்று கூட்டத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"பேரு தெரியா ஒருத்தனுக்குப் பெத்தவளா அழுதவனே
பேரு சொல்லிக் கூப்புடுறோம் – என் மருமகனே
பேசாமக் கெடக்குறியே"

அவனும் அவளுக்கு மருமகன் முறைதான். ஒரு சொல் கூட அவள் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அடுப்படியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. மதினி ஓடிவந்து அண்ணன் மேல் விழுந்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லலியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று கதறினாள். குளிர்ந்திருக்கும் என்று சொன்னவளே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சித்தப்பா அழுதார். நானும் அழுதேன், அண்ணனுக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். தெருமுனையில் உபதேசியார் செருமினார்.

காரியம் முடிந்த மறுநாள் அத்தையை வாய்க்கால் படித்துறையில் பிடித்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"எங் கதைய எடுத்து அவனுக்குக் குடுத்துட்டியே. அவன் ஒருநாளாவது எனக்குக் கஞ்சி ஊத்தியிருப்பானா?"

"ஒங்க அண்ணனுக்கு ஒண்ணும் கெடைக்கல மருமகனே. ஒன் மதினிகிட்ட அத்தனை தடவ கேட்டேன், என்னத்தயாச்சும் சொல்லுத்தா, ஒரு நாளு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பானேன்னு. தலைய ஆட்டுறா. சரி, நீ சொல்லு. அவன் செஞ்சதுல ஒண்ணு சொல்லு."

யோசித்தேன். சத்தியமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

"சொந்தப் புருசனுக்கு அழாதவள இந்த ஊரு என்ன செய்யும்னு ஒனக்குத் தெரியாதா? அவள அழ வைக்க எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு? கட்டவும் நேரமில்ல. கையில இருந்தது ஒன்னோடதுதான்."

"என்னக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"எல்லாமே ஒனக்குக் கணக்குத்தான். நான் கெடந்தப்ப கஞ்சி கொண்டுவந்ததும் கணக்குத்தான்" என்றேன்.

அவள் துணியைப் பிழிந்து கல்லில் வைத்தாள். "எல்லாமில்ல. அந்தப் பேரு சொல்லிக் கூப்புடுற வரி நான் யோசிச்சதில்ல. நீ சொல்லிக்கிட்டு இருக்கயிலயே வந்து நின்னுருச்சு. எங்கன இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. கை நடுங்கிக் கஞ்சியக் கொட்டுனேனே. அன்னைக்கு நான் ஒனக்காகத்தான் அழுதேன். மத்ததெல்லாம், அந்த ஒரு வரிய எங்கன கொண்டு வைக்கிறதுன்னு தேடுனதுதான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதைச் சொன்னால் யார் உடைவார்கள் என்று அறிந்தவள் அல்லவா அவள்? என்னை உடைக்கவும் அவளுக்கு ஒரு வரி தெரிந்திருக்கும். இன்றைக்கு வரைக்கும் அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. படித்துறை ஏறி வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் பல வருசம் அவள் வேலிக்கு அந்தப் புறமே இருந்தாள், பல வீடுகளில் பாடினாள். எனக்கு அவள் வேறெதுவும் கட்டவில்லை.

மதினியை யாரும் அப்பன் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவள் மாறிப்போனாள். பேசத் தொடங்கினாள். "எங்க வீட்டுக்காரக" என்று தலை நிமிர்ந்து சொன்னாள். அண்ணன் உயிரோடு இருந்தவரை அவள் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. வெற்றிலைக் கடையில் ஆண்கள் கூட, "மொரட்டுப் பயதான், ஆனா உள்ள ஈரம் இருந்திருக்கு பாரேன்" என்று அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று பாக்கு மென்றுகொண்டிருப்பேன்.

ஒரு மத்தியானம் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மதினி கலயத்தோடு வந்தவள் வைக்காமல் நின்றாள்.

"கொழுந்தனாரே, ஒண்ணு கேக்கணும். கணவாய்ப் பாதையில அவுக அந்த மலையாளத்தான அடக்குன எடம் எங்கன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா? அங்கன ஒரு மெழுகுவத்தி ஏத்தி வைக்கணும்னு இருக்கு. அவுக செஞ்ச புண்ணியத்த நான் ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

"தெரியும் மதினி" என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேல, பலாமரத்துக்கு அடியில. கல்லு வச்சிருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. "நெசமாவே இருக்கா! நானா எதும் நெனச்சுக்கிட்டு இருக்கேனோன்னு பயந்தேன்." பிறகு ஒரு கணம் யோசித்தாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு நீங்களும் அங்கன இருந்தீகளா?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் அவளுக்கு இப்போதுதான் ஒரு புருசன் கிடைத்திருந்தான்.

"இருந்தேன் மதினி. பின்னாடி வண்டியில வந்தேன்."

"அப்ப நீங்க எறங்கலியா?"

"இல்ல மதினி. நான் நிக்காமப் போயிட்டேன்."

அவள் கலயத்தை என் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு மதினி எனக்குத் தன் கையால் சோறு போட்டதே இல்லை.